பிடிஎஃப்பில் கையெழுத்து: படமா, இணையச் சேவையா, சான்றிதழா?

பிடிஎஃப்பில் கையெழுத்துப் போட மூன்று வழி உண்டு. கையெழுத்தைப் படமாக ஒட்டலாம். இணையச் சேவை அனுப்பும் சுட்டியைத் திறந்து ஒப்பமிடலாம். சொந்தப் பெயரில் டிஜிட்டல் சான்றிதழ் (ஆள் இன்னார்தான் என்று ஓர் அமைப்பு உறுதிசெய்து தரும் மின்னணுச் சான்று) வாங்கி அதைக்கொண்டு போடலாம். எதைச் செய்தாலும் பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். சில வருடம் கழித்து யாராவது அந்தக் கோப்பைத் திறந்து 'இது அவர் போட்டதுதானா?' என்று கேட்டால் வித்தியாசம் வெளியே வரும். அப்படிக் கேள்வி வரக்கூடிய ஆவணம் என்றால் என் ஓட்டு சான்றிதழுக்குத்தான்.

படம் ஒட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்டு, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பின்னணியை நீக்கி பிஎன்ஜியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபிஜி என்றால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் விழுந்து அடியில் இருக்கும் எழுத்தை மறைக்கும். அக்ரோபேட் ரீடரின் 'ஃபில் அண்ட் சைன்', மேக்கின் பிரிவியூ எல்லாம் இந்த வகைதான். பிடிஎஃப்பிலிருந்து படங்களை உருவும் இலவசக் கருவி ஒன்று போதும், அந்தக் கையெழுத்தை எடுத்து வேறொரு ஆவணத்தில் வைத்துவிடலாம். விடுப்புக் கடிதம், பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை போன்றவற்றோடு இதை நிறுத்திக்கொள்வது நல்லது.

இணையச் சேவையின் பலம் வசதி. ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராகப் போட வேண்டும், அவர்கள் எதையும் நிறுவமாட்டார்கள் என்றால் இதை அடிக்க ஆளில்லை. யார், எந்த மின்னஞ்சல், எந்த ஐபி முகவரி, எத்தனை மணிக்கு என்று தணிக்கை அறிக்கையும் வரும். ஆனால் முடிந்த கோப்பை ரீடரில் திறந்து கையொப்பப் பலகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது ஒப்பமிட்டவரின் பெயர் அல்ல, சேவை நிறுவனத்தின் பெயர். 'எங்கள் வழியாக இந்த மின்னஞ்சல்காரர் ஒப்பமிட்டார்' என்று நிறுவனம் சொல்லும் சாட்சி அது. மின்னஞ்சல் பெட்டி அவர் கையில்தான் இருந்ததா என்பது தனிக் கேள்வி. சந்தாவை நிறுத்துமுன் தணிக்கை அறிக்கையையும் சேர்த்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு மட்டும் இருந்தால் பாதிச் சாட்சிதான்.

சான்றிதழ் வழியில், கோப்பின் பைட்டுகளிலிருந்து ஒரு ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிடப்பட்டு, உங்கள் இரகசியச் சாவியால் ஒப்பமிடப்படுகிறது. பிறகு ஒப்பமிட்ட பகுதியில் ஒரு பைட்டு மாறினாலும் ஹாஷ் பொருந்தாது. சாவி பெரும்பாலும் யூஎஸ்பி டோக்கனுக்குள் (பென் டிரைவ் போன்ற சிறு கருவி) இருக்கும், வெளியே நகலெடுக்க முடியாது. ரீடரில் செய்முறை சுலபம்: 'யூஸ் எ சர்டிஃபிகேட்', 'டிஜிட்டலி சைன்', ஒப்பம் வர வேண்டிய இடத்தில் கட்டம் வரைவது, சான்றிதழைத் தேர்ந்து பின் எண்ணைக் கொடுப்பது, புதிய பெயரில் சேமிப்பது. இன்னும் பேர் போட வேண்டியிருந்தால் 'லாக் டாக்குமென்ட் ஆஃப்டர் சைனிங்' பெட்டியில் டிக் போடாதீர்கள். அது கடைசி ஆளுக்கு உரியது.

டோக்கனின் தொல்லைகளும் உண்டு. டிரைவர் சரியில்லை என்றால் பட்டியலில் சான்றிதழே வராது. லினக்ஸில் லிப்ரே ஆபீஸ், பொதுவாக ஃபயர்ஃபாக்ஸின் சான்றிதழ்ப் பெட்டகத்தைத்தான் பார்க்கும். டோக்கனோடு பேச உதவும் பிகேசிஎஸ் 11 என்ற டிரைவர் கோப்பை ஃபயர்ஃபாக்ஸின் 'செக்யூரிட்டி டிவைசஸ்' பகுதியில் சேர்க்காதவரை ஒன்றும் தெரியாது. பின் எண்ணைத் தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், பல நேரம் சாவியே போய்விடும். மேகத்தில் (கிளவுட், அதாவது இணையச் சர்வரில்) சாவி வைக்கும் முறையில் இந்தத் தலைவலி இல்லை. அதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அழுத்திச் சொல்லவில்லை.

ரீடரே சொந்தமாகச் சான்றிதழ் தயாரித்துத் தரும், காசில்லை. ஆனால் அதை உங்கள் கணினி மட்டும்தான் நம்பும். மற்றவர் திறந்தால் மஞ்சள் எச்சரிக்கைதான். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குமுன், அதை வழங்கும் அமைப்பு, ரீடரைத் தயாரிக்கும் அடோபியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். சான்றிதழின் ஆயுள் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டு. ஒப்பந்தத்தின் ஆயுள் அதைவிட நீளம். டோக்கனால் ஒப்பமிட்டபோது பதிவாகும் நேரம் உங்கள் கணினியின் கடிகாரம் சொன்னது. அதைப் பின்னுக்குத் தள்ள யாராலும் முடியும் என்பதால், கறாராகச் சரிபார்ப்பவர் அதை ஏற்கமாட்டார். காலாவதிக்குப் பிறகு இன்னொரு சிக்கல்: முடிந்துபோன சான்றிதழ்களை இரத்துப் பட்டியலிலிருந்து (செல்லாது என்று வழங்கிய அமைப்பே அறிவித்த சான்றிதழ்களின் பட்டியல்) எடுத்துவிடும் வழக்கம் உண்டு. ஒப்பமிட்ட நாளில் அது இரத்தாகாமல் இருந்ததா என்று தேடினாலும் பதில் கிடைக்காது.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும், இரண்டும் ஒரே ஒரு தடவைதான். ரீடரின் 'பிரிஃபரன்சஸ்', 'சிக்னேச்சர்ஸ்' போய், 'டாக்குமென்ட் டைம்ஸ்டாம்பிங்' பகுதியில் நேரமுத்திரை சர்வரின் (ஒப்பமிட்ட நேரத்துக்கு வெளியிலிருந்து சாட்சி சொல்லும் சர்வர்) முகவரியைச் சேர்த்து, அதையே டிஃபால்ட்டாக வையுங்கள். முகவரியைச் சான்றிதழ் தந்த அமைப்பிடம் கேட்டு வாங்கலாம். அடுத்து 'கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ்' பகுதியில், இரத்து நிலையைச் சேர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கட்டும். இனிமேல் ஒப்பமிடும்போது இணைய இணைப்பு வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை விழாது.

விழுந்ததா என்று பார்க்க, ஒப்பத்தின்மேல் வலது கிளிக் செய்து 'சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்' திறக்கவும். நேரம் ஒப்பமிட்டவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து வந்தது என்று இருந்தால் முத்திரை இல்லை. கையொப்பப் பலகத்தில் 'எல்டிவி எனேபிள்டு' (நீண்டகாலச் சரிபார்ப்புக்கு வேண்டியதெல்லாம் கோப்பிலேயே உண்டு) என்று இருந்தால், சான்றிதழ் செத்த பிறகும் ஒப்பம் பேசும். முத்திரை போடுபவரின் சான்றிதழும் ஒருநாள் முடியும். பல பத்தாண்டு வைக்க வேண்டியதை, அந்த நாளுக்கு முன் இன்னொரு முத்திரையால் மூட வேண்டும்.

ஒப்பம் சரி என்று ரீடர் காட்டும் பச்சை டிக்கை வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். 2019இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த 22 கணினிச் செயலிகளில் 21ஐ, மாற்றப்பட்ட கோப்பையும் சரியென்று காட்ட வைத்தார்கள். பழைய பதிப்பு ரீடரில் சரிபார்ப்பது வீண்.

ஒப்பமிட்ட பிறகு பக்க எண் போடுவது, இரண்டு பிடிஎஃப்பை இணைப்பது, அளவைச் சுருக்குவது, 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுப்பது ஆகிய நான்கும் ஒப்பத்தைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த கோப்பில் எல்டிவி இல்லையா? அனுப்பியவரின் சான்றிதழ் உயிரோடு இருக்கும்போதே வலது கிளிக்கில் 'ஆட் வெரிஃபிகேஷன் இன்ஃபர்மேஷன்' கொடுத்து, மேலே ஒரு நேரமுத்திரையும் குத்தி வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவர் மறுபடி ஒப்பமிட வேண்டியதில்லை.