மூன்று மஞ்சள் வயர்களும் என் விடிஆர் 250உம்

போன கிழமை ஒரு நண்பன் அழைத்தான். கொழும்புக்கு அருகே நுகேகொடைப் பக்கம் யாரோ ஹோண்டா விடிஆர் 250 பைக் ஒன்றை விற்கப் போகிறார்களாம். "நீ ஒன்பது வருஷமா வச்சிருக்கிறாய்தானே மச்சான், எடுக்கலாமா?" என்றான். அவன் கேட்ட நேரம் நல்ல நேரமில்லை. என் பைக்கில் அதே மின்சாரப் பழுதை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்து, கையில் ஈய வாசம் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் இதுதான்.

முதலில் எஞ்சின், அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். 1982இல் வந்த விடி250எஃப் பரம்பரையைச் சேர்ந்த 90 பாகை வி ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் எஞ்சின். போர், அதாவது சிலிண்டரின் அகலம், 60 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 44.1தான். சுற்றுவதற்கென்றே பிறந்தது. முழு 32 குதிரைவலுவும் நிமிஷத்துக்கு 10,500 சுற்றில்தான் வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு கொழும்பின் நெரிசலான காலி வீதியில் 10,500ஐ எங்கே போய்ப் பார்ப்பது? ஆனால் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை மூன்றாம் கியரில், பஸ்ஸுக்குப் பின்னால் முனகாமல் ஊர்ந்து வரும் குணமும் இதற்கு உண்டு. இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது. கிராங்க் தண்டு 270 பாகை திரும்பியதும் ஒன்று, பிறகு 450 பாகை திரும்பியதும் ஒன்று. அந்த நொண்டித் தாளம் பழகிவிட்டால் மற்ற 250கள் எல்லாம் தையல் மெஷின் மாதிரிக் கேட்கும். ஹோண்டாவின் நாலு சிலிண்டர் 250 ஆன ஹோர்னட்டை வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஆகவே எனக்கு மிஞ்சுவது ஞாயிறு விடிய எழும்பி அவிசாவளை தாண்டி கித்துல்கலைக்குப் போகும் பாதை. றப்பர் தோட்டங்களுக்கு இடையில், ஈர வீதியில், 8,000 சுற்றில் இது போடும் சத்தத்துக்காக இன்னும் ஒன்பது வருஷம் திட்டிக்கொண்டே வைத்திருக்கலாம்.

இனித் திட்டுக்கு வருவோம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அலுமினியப் பெட்டி, ரெகுலேட்டர். எஞ்சின் உண்டாக்கும் மின்சாரத்தைப் பட்டரி தாங்கும் அளவுக்கு மட்டுப்படுத்துவது இதுதான். 2016இல் எடுத்த பைக், 1999 மாடல். 2018இல் ஒரு மழை நாள் பொரளைச் சந்தியில் லைட் மெழுகுதிரி மாதிரி மங்கியது, சிக்னல் நின்றது, பிறகு எல்லாம் நின்றது. தெமட்டகொடையில் ஒரு பாஸ், அதுதான் மெக்கானிக், "பட்டரி போயிட்டு, ரெகுலேட்டரும் போயிட்டு" என்று இரண்டையும் மாற்றினார். ரெகுலேட்டர் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கிய கொப்பி, ஒரிஜினல் இல்லை. மூன்று வருஷம் ஓடியது. அடுத்த தடவை வெள்ளவத்தையில், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் சனத்துக்கு நடுவே. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீடு வரை தள்ளினேன், தெரிந்தவர்கள் யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. திரும்பவும் ஒரு ரெகுலேட்டர், திரும்பவும் ஒரு பட்டரி.

போன மாதம் மூன்றாவது தடவை நின்றபோதுதான் நானே இருக்கையைக் கழற்றி வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் மெக்னெட் கொயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வந்து ஒரு வெள்ளைப் பிளக்கில் சேர்கின்றன. வெள்ளை என்றா சொன்னேன்? தேநீர்ச் சாயம் ஏறிய கோப்பை மாதிரி இருந்தது. ஒரு மூலை உருகி, நடு வயரின் உறை பொருக்காகி விரலில் உதிர்ந்தது. இரண்டு தடவையும் புது ரெகுலேட்டரை இந்தக் கருகிய பிளக்கிலேதான் கொழுவியிருக்கிறார்கள். பாஸ் பார்க்கவில்லை. நியாயமாகச் சொன்னால் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து பிளேன்டீ குடித்த நானும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த வகைப் பழைய ரெகுலேட்டர் தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை நிறுத்தாது. குறுக்கே இணைத்துக் கொயிலுக்கே திருப்பிவிட்டு, அந்தச் சூட்டைத் தானே தாங்கும். ஆகவே அந்த மூன்று வயர்களிலும் எப்போதும் நல்ல கரண்ட் ஓடும். கடல் காற்றில் பிளக்கின் உலோக ஊசிகளில் கொஞ்சம் பச்சைக் களிம்பு பிடித்தால் போதும், தடை கூடும், சூடாகும், சூட்டில் பிடி தளரும், இன்னும் சூடாகும். நான் ஒரு கெட்டித்தனமும் செய்திருந்தேன். பட்டரிக்குப் பாரம் குறையட்டும் என்று எல்ஈடி ஹெட்லைட் போட்டேன். டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் நேரம் அது உதவிதான். ஆனால் வெளிவீதியில் லைட் தின்னாத மிச்சமும் ரெகுலேட்டர் தலையில்தான் விழுகிறது.

இந்த முறை பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயரையும் ஈயம் வைத்து ஒட்டினேன். பெரிய பைக் ஒன்றிலிருந்து கழற்றிய ஷிண்டென்கன் என்ற ஜப்பான் கம்பனியின் மொஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) ரெகுலேட்டரைக் காற்றுப் படும் இடமாகப் பார்த்துப் பூட்டினேன். அதுவும் மிச்சத்தைத் திருப்பிவிடும் வகைதான், ஆனால் பழையதைவிடக் குறைவாகச் சுடும். 5,000 சுற்றில் பட்டரியில் 14.2 வோல்ட். ஒரு கிழமையாகத் தினமும் அளக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

மற்ற வேலைகள் சில்லறை. முன் ஃபோர்க்குக்குத் தடிப்பான எண்ணெய், முன் பிரேக்குக்கு ஸ்டீல் பின்னல் குழாய். இரண்டும் செலவுக்கு மேலாகப் பலன் தந்தன. பின் டயர் 140/70-17, இந்திய 150கள் வந்த பிறகு அந்த அளவுக்கு அலைய வேண்டியதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டினால் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல் என்று பங்கிட்ட காலத்தில் பைக் பெரும்பாலும் நின்றபடியே இருந்தது. காபரேட்டரின் சின்ன ஜெட், பெற்றோல் வரும் அந்த நுண்ணிய துளை, அடைத்துக்கொண்டது. இரண்டு காபரேட்டர்தானே, ஒரு பின்னேர வேலை.

ஆகவே மச்சான், எடுக்காதே. உனக்குப் பொறுமை இல்லை, மல்ட்டிமீட்டரும் இல்லை. திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகி வேலைக்குப் போகும் புதுப் பைக் ஒன்றைப் பார். ஆனால் அந்த நுகேகொடை ஆளின் நம்பரை எனக்கு அனுப்பு. போய் அந்த மஞ்சள் வயர் பிளக்கை மட்டும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன். அது இன்னும் வெள்ளையாக இருந்தால் நான் எடுத்துவிடுவேன். வீட்டில் சொல்லாதே.