நழுவும் கிளட்ச்: கேபிளா, ஆயிலா, ஸ்பிரிங்கா, பிளேட் செட்டா?

பழைய மோட்டார் சைக்கிளில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது எஞ்சினின் விசையை முழுதாகச் சக்கரத்துக்குக் கடத்தாமல் நழுவுகிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் ‘பிளேட் மாத்திடலாம்’ என்பதுதான். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒன்றையொன்று உராய்ந்து பிடிக்கும் இந்தப் பிளேட்டுகள்தான் அந்த விசையைக் கடத்துபவை. அது தவறான பதில் என்று சொல்ல முடியாது. கடைசியாக வரவேண்டிய பதில் முதலிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் குறை. கேபிளைச் சரிசெய்வது, ஆயிலை மாற்றுவது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியோ பழைய பிளேட்டையே தேய்த்தோ போடுவது, பிளேட் செட்டை முழுமையாக மாற்றுவது என நம் கையில் நான்கு வழிகள் உள்ளன. முதல் இரண்டும் கிளட்ச்சை மூடியிருக்கும் எஞ்சினின் பக்கவாட்டு கவரைத் திறக்காமலே முடிகிற வேலைகள்; மற்ற இரண்டுக்கும் கவரைத் திறந்தாக வேண்டும். கவரைத் திறக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனமாக இருக்கலாம், திறந்த பின் சிக்கனம் பார்ப்பது பெரும்பாலும் இரட்டைச் செலவில் முடியும் என்பது என் கருத்து.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், நழுவுவது கிளட்ச்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சமதளச் சாலையில் டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக முறுக்கினால், எஞ்சினின் சத்தம் மட்டும் குபீரென்று ஏறி, வண்டியின் வேகம் அதற்கு ஈடாக ஏறாமல் இருந்தால் அது கிளட்ச்சின் கோளாறு. சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் வண்டி மந்தமாக இழுத்தால் கார்புரேட்டர், பிஸ்டன் ரிங், ஒட்டிப் பிடிக்கும் பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்குப் போய்ப் பிளேட் மாற்றுவது தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவதைப் போன்றது. பழைய ஸ்பிளெண்டரில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது என்பதால் இந்தச் சோதனைக்குக் காதுதான் மீட்டர். தேய்ந்த பல்சக்கரத்தின் மேல் செயின் தாவுவதையும் சிலர் கிளட்ச் ஸ்லிப் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் ‘கடக்’ என்ற உதறல் இருக்கும், கிளட்ச் நழுவும்போது அந்த உதறல் இருக்காது.

கிக்கரை வைத்துச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டிலும், ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, ஸ்பிளெண்டர் வகை வண்டிகளிலும் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. ஆகவே பிளேட் மிகவும் தேய்ந்திருந்தால் கிக்கர் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100இல் கிக்கர் கிளட்ச் ஹவுசிங்கையே (பிளேட்டுகளைத் தாங்கும் வெளிக் கூட்டையே) நேரடியாகச் சுழற்றுவதால், பிளேட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கிக் கனமாகவே இருக்கும். ஆர்எக்ஸ் வைத்திருப்பவர் கிக் நன்றாக இருப்பதை வைத்துக் கிளட்ச்சும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

இனி முதல் வழியான கேபிளுக்கு வருவோம். கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறுமையாக ஆடும் இடைவெளி இருக்க வேண்டும். இதையே ஃப்ரீ பிளே என்கிறார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால், லிவரை யாரும் தொடாதபோதும் கேபிள் கிளட்ச்சைச் சிறிது பிரித்தபடியே வைத்திருக்கும். ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுக்குப் போய்ச் சேராது. இங்கே பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. கேபிள் நாளடைவில் நீள்வதால் ஃப்ரீ பிளே கூடும். பிளேட் தேய்வதால் அதே ஃப்ரீ பிளே குறையும். ஒருமுறை சரியாக வைத்த கேபிள் யாரும் கை வைக்காமலே இறுகிக்கொண்டு வருகிறதென்றால், உள்ளே பிளேட் மெலிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் வண்டி சரியாகிவிடலாம். ஆனால் சில வாரங்களுக்குள் மறுபடியும் தளர்த்த வேண்டியிருந்தால், அது பழுது நீக்கியதாகாது, தள்ளிப்போட்டதாகவே ஆகும்.

கேபிளின் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. என் ஸ்பிளெண்டருக்கு ஒரு பட்டறையில் பிளேட் செட் மாற்றிய பிறகும் மேட்டில் ஸ்லிப் ஆனது. கழற்றிய பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கி அளந்து பார்த்தபோது அவை அநேகமாகப் புதுப் பிளேட்டின் கனத்திலேயே இருந்தன. டேங்க்குக்கு அடியில் கேபிள் தவறான வழியில் நசுங்கிப் போயிருந்தது. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் ஃப்ரீ பிளே முற்றிலும் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி லிவரை அசைத்துப் பார்க்காமல் நான் கேபிளைப் பற்றி முடிவுக்கு வருவதில்லை.

ஆயில் மாற்றுவது பலன் தருமா என்பது, கிளட்ச் எந்த ஆயிலில் மூழ்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பிளெண்டரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். கார் எஞ்சினுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு அது மைலேஜ் தரும், ஆயிலில் மூழ்கியபடி உராய்வையே நம்பி வேலை செய்யும் ஈரக் கிளட்ச்சுக்கோ அதுவே எதிரி. மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எம்பி என்று போட்டிருந்தால் அது உராய்வு குறைந்த வகை. கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு ஏற்றது, நம் வண்டிக்கு ஆகாது. ஆர்எக்ஸ் 100இல் பெட்ரோலோடு எரியும் டூ-டி ஆயில் வேறு, கியர்பாக்ஸிலும் கிளட்ச்சிலும் இருக்கும் ஆயில் வேறு. பின்னதைத்தான் மாற்ற வேண்டும். பழைய புல்லட்டில் கிளட்ச் தனியாக பிரைமரி செயின் கேஸுக்குள் இருப்பதால், எஞ்சின் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் கிளட்ச்சுக்கு அதனால் லாபமோ நட்டமோ கிடையாது.

ஆயில் மாற்றிய சில நாட்களுக்குள் ஸ்லிப் தொடங்கியிருந்தால், சரியான ஆயிலைத் திரும்ப ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது நியாயமான முயற்சி. பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வளர்ந்த ஸ்லிப்புக்கு ஆயிலால் தீர்வு கிடைக்காது. வடித்தெடுக்கும் ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் பிளேட் ஏற்கனவே வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதும், பழைய பிளேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போடுவதும் மலிவான வழிகளாகத் தோன்றுகின்றன. ஸ்பிரிங் நாள்பட்டு நீளம் குறைவது உண்மை. குறைந்த நீளம் குறைந்த அழுத்தம் என்பதும் உண்மை. ஆனால் ஸ்பிரிங் தளரும் அளவுக்கு ஓடிய வண்டியில் பிளேட் மட்டும் இளமையாக இருப்பது அரிது. இதற்கு மாற்றாகச் சிலர் கடினமான ஸ்பிரிங் போட்டு மெலிந்த பிளேட்டை அழுத்திப் பிடிக்கச் செய்வார்கள். லிவர் கல்லாகிவிடும், கேபிள் சீக்கிரம் அறுந்துபோகும், நெரிசலில் ஓட்டுபவருக்கு மணிக்கட்டு வலி மிஞ்சும். தேய்த்துப் போடுவதை ஒரே ஒரு நிலையில் ஏற்கலாம்: பிளேட்டின் கனம் அளவுக்குள் இருந்து, மேற்பரப்பு மட்டும் கண்ணாடிபோல் வழவழத்திருந்தால். ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டவருக்கு வீடு வந்து சேர அது உதவும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்தப் பிளேட்டை நம்பி ஏற நான் துணிய மாட்டேன்.

எஞ்சியிருப்பது பிளேட் செட். செலவு கூடுதல்தான், ஆனால் செலவின் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டரில் ஆயிலை வடித்து, கிக்கரையும் வழியில் நிற்கும் மற்ற பாகங்களையும் கழற்றி, கவரைப் பிரித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுப்பது வரை, கவரைத் திறக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தாலும் உழைப்பு ஒன்றுதான். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி திறந்தால் கூலி, ஆயில், கேஸ்கெட் மூன்றையும் இரண்டு முறை கொடுக்கிறோம். ஆகவே கவரைத் திறந்தால் உராய்வுப் பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட் மூன்றும் புதிதாகவே போகட்டும். உராய்வுப் பிளேட்டுகளுக்கு இடையே இருக்கும் இரும்புப் பிளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. சமமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்கலாம். அனுமதிக்கப்படும் வளைவு வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால் சர்வீஸ் மேனுவலின் அளவே முடிவானது. நீலம் பாரித்திருந்தால் அளக்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். ஹவுசிங்கின் விளிம்பில் நீண்டிருக்கும் விரல்களில், பிளேட்டின் ஓரத்தில் துருத்தும் காதுகள் வெட்டிய பள்ளம் லேசாக இருந்தால் அரத்தால் சமன்செய்யலாம். ஆழமாக இருந்தால் புதுப் பிளேட்டும் அதில் சிக்கிக்கொண்டு சீராக நகராது.

கம்பெனி பிளேட்டா, வெளி மார்க்கெட் பிளேட்டா என்ற கேள்விக்கு நான் பிடிவாதமாக ஒரு பக்கம் நிற்பவன்: கிளட்ச் பிளேட்டில் மட்டும் பெயரில்லாத பொருள் வேண்டாம். மட்கார்டோ இண்டிகேட்டரோ மலிவாக வாங்கினால் ஆபத்து வெளியே தெரியும். பிளேட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள் பெயர்ந்தால், ஸ்பிளெண்டர் போல ஒரே ஆயில் உள்ள வண்டியில் அது ஆயிலோடு எஞ்சின் முழுவதும் சுற்றும்.

பொருத்தும்போது நடக்கும் பிழைகள் நல்ல பிளேட்டையும் கெடுத்துவிடும். புதுப் பிளேட்டுகளைச் சரியான ஆயிலில் ஓரிரவு ஊறவைத்துப் போட வேண்டும். உலர்ந்த பிளேட் முதல் சில நிமிடங்களிலேயே கருகக்கூடும். கிளட்ச்சை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் நட்டை அதற்குரிய டூல் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு தட்டித் திறப்பதை வேடிக்கை பார்க்காமல், டூல் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மேல். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் அழுத்தி இறுக்கினால் போல்ட் இறங்கும் அலுமினியத் தூண் உடைந்துபோகும். கவரை மூடிய பின் கேபிளின் ஃப்ரீ பிளேயைப் புதிதாக வைத்து, பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு அதை இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.