போக்கோ எஃப்5: பெயரில் ஒட்டிய ஒரு ‘பிளஸ்’

தம்பிக்குப் போன் வாங்கப் போனபோது, போக்கோ எஃப்5-ஐயும் இன்னொரு போனையும் காட்டிய கடைப் பையன், “ரெண்டுமே செவன் ஜென் டூதான்ணா, ஒரே சிப்தான்” என்றான். அப்படியில்லை. அந்த இன்னொரு போனில் இருந்த சிப் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. அதில் வேகமான கோர்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) நான்கும் பழைய ஆர்ம்வி8 வடிவமைப்பின் வழி வந்த கார்டெக்ஸ்-ஏ78. உச்ச வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். எஃப்5-இல் உள்ள 7 பிளஸ் ஜென் 2-இல், அதைவிடப் புதிய ஆர்ம்வி9 வகையான கார்டெக்ஸ்-எக்ஸ்2 கோர் ஒன்று 2.91 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இரண்டும் 2023-இல் வந்தவை. ‘ஜென் 2’ என்ற ஒரே தலைமுறை எண்! வாங்குமுன் கோர் பெயரைத் தயவுசெய்து பாருங்கள்.

எஃப்5-ஐயே எடுத்தோம். எட்டு மாதமாகத் தம்பி கல்யாண வீடியோக்களை அதில்தான் வெட்டி ஒட்டுகிறான். நாதஸ்வரம் ஓட ஓட, நாலு கிளிப்பை அடுக்கி விரலால் தள்ளினாலும் திரை திக்குவதில்லை. முதுகு பிளாஸ்டிக்தான், பரவாயில்லை. அப்புறம், இயர்போன் துளை இருக்கிறது. அவனுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.