கம்ப்யூட்டர் திடீரென்று இழுக்கிறதா? ‘வைரஸ், ஃபார்மட் போடணும்’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா நான்கு வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்த மூலிகைக் குறிப்புகள் மொத்தமும் போய்விட்டன. போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

பத்து வருடம் ஓடிய மேசைக் கம்ப்யூட்டர் அது. முந்தின நாள் இரவு வரை ஒழுங்காக இருந்தது, மறுநாள் காலையில் இழுக்கத் தொடங்கியது. மவுஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. ஃபோல்டரைத் திறந்தால் வெறும் வெள்ளையாக நிற்கும். பெட்டியின் முகப்பில் ஹார்ட் டிஸ்க்குக்கான சின்ன விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பழுது பார்ப்பவர் வந்தார். இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தார். “வைரஸ் சார், ஃபுல்லா இறங்கிருக்கு. ஃபார்மட் போட்டா புதுசு மாதிரி ஓடும்” என்றார். அப்பா தன் ஃபைல்களைப் பற்றித்தான் முதலில் கேட்டார். “பேக்கப் எடுத்துட்டுதான் ஐயா போடுவோம்” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. வேகமாகத்தான் ஓடியது. ஆனால் சி, டி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த டிஸ்க்கில் டி டிரைவையே காணோம். அப்பாவின் ஃபோல்டர் அதில்தான் இருந்தது. கேட்டதற்கு, “ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன் சார், அதான் ஸ்பீடு” என்றார். அவர் பேக்கப் என்று எடுத்தது சி டிரைவின் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும். அது ஏறக்குறைய காலி.

மீட்டெடுக்கும் மென்பொருள் போட்டுப் பார்த்தோம், எதுவும் வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. குவிக் ஃபார்மட் என்றால் ஃபைல்களின் அட்டவணை மட்டும் புதிதாகும், பழைய தகவல் பெரும்பாலும் அடியில் கிடக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதப்பட்டுவிடும். எழுதியபின் மீட்க ஒன்றும் இருக்காது. எங்களுக்குப் போட்டது முழு ஃபார்மட்.

ஒன்பதாவது நாள் அதே இழுவை திரும்பியது. இந்த முறை அவர் வேறு பாட்டுப் பாடினார். “டிஸ்க் போயிடுச்சு சார். கண்டதையும் டவுன்லோட் பண்ணா இப்படித்தான்.” எண்பது வயதை நெருங்கும் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். புது டிஸ்க் போடுவதாகச் சொல்லி, அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்.

அதன்பிறகுதான் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கிட்டத்தட்ட எல்லா ஹார்ட் டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். அவர் போட்ட ‘புது’ டிஸ்க்கில் 9ஆம் எண் வரிசையைப் பார்த்தேன். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு அது. 21,000 மணிக்கும் மேலே காட்டியது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான். இரவு பகலாக இரண்டு வருடத்துக்கும் மேல் எங்கோ உழைத்த டிஸ்க்கைப் புதிது என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். கேட்டபோது “அந்த நம்பரெல்லாம் தப்பா காட்டும் சார்” என்றார். அடுத்த தடவை போனையே எடுக்கவில்லை.

முதல் ஃபார்மட்டுக்குப் பிறகு ஒன்பது நாள் ஏன் நன்றாக ஓடியது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த ஒன்பது நாள்தான் நம்மை நம்ப வைக்கிறது. டிஸ்க்கில் ஒரு இடம் பழுதானால், அதைப் படிக்க டிஸ்க் மறுபடி மறுபடி முயல்கிறது. அந்த நேரம் மற்ற எல்லாம் காத்திருக்கும். அதுதான் இழுவை, விளக்கு அணையாமல் எரிந்ததும் அதனால்தான். ஃபார்மட் போட்டு அந்த இடத்தில் எழுதும்போது, டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு உதிரியாக வைத்திருக்கும் நல்ல இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். கொஞ்ச நாள் நிம்மதி. தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது, இன்னொரு இடம் பழுதாகும். நம்மிடம் இருந்த தகவல் மட்டும் அதற்குள் அழிந்திருக்கும்.

ஆகவே கம்ப்யூட்டர் திடீரென்று இழுத்தால், யாரையும் கூப்பிடுவதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். விண்டோஸ் 8, 10, 11இல் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் ஒரு எம்பிகூட இல்லை, பதில் தரும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டில் போகிறது என்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். பிறகு ஸ்மார்ட் குறிப்பில் 5, 197, 198 ஆகிய எண்களின் மூல மதிப்பை (ரா வேல்யூ) பாருங்கள், பழுதான இடங்களின் கணக்கு அது. அங்கே சுழியத்தைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் அன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வெளியே நகலெடுங்கள். 199 (டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் போகும்போது நேரும் பிழைகளின் கணக்கு) மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, கேபிளை மாற்றினாலே தீரலாம். டிஸ்க் பழுது என்று சந்தேகம் வந்தால் டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை அடுக்குவது), முழு வைரஸ் ஸ்கேன், செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுவது) எதையும் ஓட விடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவை இன்னும் அலைக்கழிக்கும்.

டிஸ்க் சும்மா இருக்க, சிபியு (பிராசஸர்) வேகம் மட்டும் சரிந்து ஃபேன் அலறினால் சூடு காரணமாக இருக்கலாம். தூசி தட்டி, சிபியுவின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சரியாக வாய்ப்புண்டு. அதற்கு ஃபார்மட் எதற்கு?

வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ராம் எவ்வளவு, டிஸ்க்கின் சீரியல் நம்பர் என்ன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ராமில் எதையாவது அவர் கழற்றிக்கொண்டாரா இல்லையா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை, முன்பு எவ்வளவு இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. புது டிஸ்க் வாங்கினால் பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் வாரண்டி எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஓடிய மணிக்கணக்கைச் சுழியமாக்கி விற்பவர்களும் உண்டு, அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிவிடுங்கள், செத்துப்போனதாக இருந்தாலும். எங்களுடையதைக் கேட்டதற்குத் “தூக்கிப் போட்டாச்சு” என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்பது நாளில் அப்பா அதில்தான் மெயிலும் பேங்க் கணக்கும் பார்த்திருந்தார், பாஸ்வேர்டுகள் பிரவுசரிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. அன்றிரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். முடிக்கும்போது மணி ஒன்றரை.