ஆண்டுக்கொரு பெருவிழாவா, மாதமொரு சிறு கூடலா?

பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து பங்கெடுக்கிற கலை, கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திருகோணமலையில் ஒரு பாடசாலை நடத்த நினைத்தால் அதற்கு மூன்று வழிகள் உண்டு. நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து வருடத்துக்கு ஒருமுறை பெரிதாக விழா வைக்கலாம். பிள்ளைகளையும் வீட்டாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு களப் பயணம் போகலாம். அல்லது பாடசாலையிலேயே மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடலாம். நிலாவெளிப் பக்கம் படிப்பிக்கிற நாங்கள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, அயல் பாடசாலைகள் சிலவற்றோடு சேர்ந்து மாதக் கூடலைத்தான் இப்போது நடத்தி வருகிறோம். என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெருவிழாவின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பிள்ளைக்கு மேடைக் கூச்சம் போகும். மூதூர்ப் பிள்ளை பாடுவதை நகரத்துப் பிள்ளை கேட்கும். கிண்ணியாவிலிருந்து களிக்கம்பு ஆட ஒரு குழு வந்தால், அதை அதுவரை கண்டிராத பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உட்காருவதற்கு வேறு வாய்ப்பு அதிகம் இல்லை. அந்தப் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கூரைக்கு வந்து சேர்வது யார்? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, துறையில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் பாதைப் படகு வரும்வரை காத்து நின்ற காலம் போய்விட்டது. மூதூருக்கும் தரை வழியே போய் வரலாம். சரி, வழி இருக்கிறது. இருந்தாலும் வெருகல் பக்கமிருந்தோ குச்சவெளிக்கு அப்பாலிருந்தோ இரண்டு பிள்ளைகளோடு வரும் தாய் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பரிசளிப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். தூரத்துக் குடும்பங்கள் அதற்கு முன்பே எழுந்து போய்விடுகின்றன. தந்தைமார் பெரும்பாலும் வருவதே இல்லை. ஒத்திகைக்கு எடுபடுகிற பிள்ளைகளும் ஏற்கெனவே பாட்டோ ஆட்டமோ கைவந்தவர்கள்தான். மற்றப் பிள்ளைகள் கதிரையில் இருந்து கைதட்டுவார்கள்.

களப் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். படிப்பிக்க இடம் தேடி அலையத் தேவையில்லாத ஊர் இது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒரு வெப்பமானியைக் கொண்டு போனால் ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடுவதைப் பிள்ளைகளே அளந்து எழுதிவிடுவார்கள். பிரெட்றிக் கோட்டை வாயிலில் இரட்டை மீன் சின்னமும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் கல்வெட்டும் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்று புத்தகத்தில் படிப்பதும், அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று வாசிப்பதும் ஒன்றல்ல. புறாத்தீவுக்கு அழைத்துப் போனால் முருகைக்கல்லை, அதாவது பவளப் பாறையை, நேரே காட்டலாம்.

இதில் தடை எங்கே என்றால், வலயக் கல்வி அலுவலக அனுமதி, பஸ் வாடகை, வள்ளக் கூலி, நுழைவுச் சீட்டு என்று ஒவ்வொன்றும் சேர்ந்து, கடைசியில் ஒரு வகுப்பு மட்டும்தான் போக முடிகிறது. வீட்டார் வருவதென்றால் இன்னும் சிரமம். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் கடல் கொந்தளிப்பும் இருப்பதால் வருடத்தில் ஒரு பகுதிக்கு அந்தப் பேச்சே இல்லை. வருடத்தில் ஒரு தடவை போகலாம், போகவும் வேண்டும். குடும்பங்களைத் தொடர்ந்து சேர்த்து வைத்திருக்க அது மட்டும் போதாது.

இனி மாதக் கூடல். முதலில் நாள், நேரம். கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும், ஆனால் எங்கள் ஊரில் பாதி வெற்றி இதில்தான். சனிக்கிழமை வைத்தால் ரியூசன். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, தேவாலயம். வெள்ளி ஜும்ஆ. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: எங்கள் ஆசிரியர்களில் கணிசமானவர்கள் மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து வாடகைக்கு இருப்பவர்கள்; வெள்ளி மதியம் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் திரும்புவார்கள். வார இறுதியில் எந்த நிகழ்ச்சி வைத்தாலும் அவர்களை இழந்துவிடுகிறோம். அதனால் வியாழக்கிழமை, ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட கையோடு தொடங்கி மூன்றரைக்கு முடிக்கிறோம். இரவில் கடலுக்குப் போய் விடியக் கரை சேர்ந்த தந்தைமார் அந்த நேரத்தில் ஒரு தூக்கம் போட்டு எழும்பியிருப்பார்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் எப்படியும் வாசலில் நிற்பவர்கள்தான். அவித்த கடலையோ பயறோ யாராவது கொண்டு வருவார்கள், பிளேன்ரீ பாடசாலையில் போடுவோம். பொழுது சாயும் முன்னே எல்லோரும் வீட்டில்.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது வேறொன்று: நிகழ்ச்சி முடிந்த பிறகு ஆசிரியர் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி. பெருவிழா நாளில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வரிசை பிடிக்கிறார், பெயர்ப் பட்டியல் கூப்பிடுகிறார், சோற்றுப் பார்சல் எண்ணுகிறார், அதிதிகளை வாசலில் வரவேற்கிறார். விழா மிகச் சிறப்பாக நடந்தாலும் அவர் அன்று புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் போகும்போது அவரிடம் இருப்பது களைப்பும் புகைப்படங்களும்தான். சிறு கூடலில் ஆசிரியரும் பாயில் உட்காருகிறார். பிள்ளையும் தாயும் செய்வதை அவரும் செய்கிறார், பிழைக்கிறார், அவிழ்த்துத் திரும்பச் செய்கிறார். கையால் செய்து பார்த்ததைப் படிப்பிப்பதற்கு அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவையில்லை.

எங்கள் கூடல்களில் என் மனதில் பதிந்த ஒன்றைச் சொல்கிறேன். வலை பின்னுவதைக் காட்ட ஒரு மீனவத் தந்தையைக் கேட்டிருந்தோம். வலை ஊசி, நைலோன் நூல், வலைக்கண்ணின், அதாவது வலையிலுள்ள ஓட்டையின், அளவு மாறாமல் இருக்க ஒரு சிறு பலகைத் துண்டு, இவ்வளவுதான் கொண்டு வந்தார். பலகையைச் சுற்றி நூலை எடுத்து, மேல் கண்ணுக்குள் ஊசியை விட்டு, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முடிச்சை இறுக்குவது அவருக்கு ஒரு நொடி வேலை. பிள்ளைகளுக்கு அந்தப் பெருவிரல்தான் சிக்கல்; விரலை எடுத்த உடனே முடிச்சு வழுக்கி ஓடிவிடும். அவர் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து வைத்துக் காட்டிக்கொண்டே போனார்.

எங்கள் கணித ஆசிரியர் பக்கத்தில் இருந்து அடிமட்டத்தால் ஒரு கண்ணின் பக்கத்தை அளந்தார். இரண்டு அங்குலம் என்றார். அந்த மனிதர் இல்லையென்று தலையாட்டிவிட்டு, “சேர், நீங்கள் பக்கத்தை அளக்கிறீங்கள். நாங்கள் கண்ணை இழுத்துப் பிடிச்சுத்தான் அளப்பம். இது நாலு அங்குலக் கண்” என்றார். இரண்டும் சரிதான். கண்ணை முழுதாக இழுத்தால் இரண்டு பக்கங்கள் ஒரே கோட்டில் வந்து விடுகின்றன.

அங்கிருந்து பாடம் தானாகவே நடந்தது. வலைக்கண் ஒரு சாய்சதுரம். எவ்வளவு இழுத்தாலும் நாலு பக்கமும் மாறாது, மூலைவிட்டங்கள்தான் மாறும். பக்கம் 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கண் சதுரமாக இருக்கும்போது பரப்பளவு 25 சதுரச் சென்ரிமீற்றர். மூலைவிட்டங்கள் 8 உம் 6 உம் ஆகும் அளவுக்கு இழுத்தால் 24. இன்னும் இழுத்து 9.6, 2.8 ஆக்கினால் 13.44. சுற்றளவு எப்போதும் 20தான். சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்லியும் போகாத ஓர் எண்ணம். அன்று அந்த வலையைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அது போய்விட்டது. வலை இழுபட்டால் கண் ஒடுங்கிச் சின்ன மீனும் தப்பாது என்று அந்தத் தந்தை சொன்னபோது, விஞ்ஞான ஆசிரியைக்கும் ஒரு பாடம் கிடைத்தது.

அந்த வலைத் துண்டு இன்னும் கணித ஆசிரியரின் மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. சாய்சதுரம் வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் அதை எடுத்துக்கொண்டு போகிறார். பாடசாலைக் கூட்டங்களுக்கு எட்டிப் பார்க்காத அந்தத் தந்தை, அதற்குப் பிறகு மகனின் கணிதக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாராம். தாய் சொன்னது. ஒரு குடும்பத்தை வைத்து எல்லாக் குடும்பங்களையும் சொல்லிவிட முடியாது. ஆனால் தனக்குத் தெரிந்த தொழிலுக்காக ஒருவரை அழைத்து, ஆசிரியர் அவரிடம் கற்றுக்கொள்வதைப் பிள்ளை பார்க்கும்போது நடப்பது வேறு. பெருவிழாவில் அதற்கு இடம் அமைவது கடினம். அங்கே தந்தைக்கு உள்ள இடம் பார்வையாளர் கதிரை மட்டும்தான்.

கூத்துக்கும் இதே கதைதான். மேடையில் உடுப்புக் கட்டி ஆடும் கூத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது அழகான ஒரு காட்சி. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் வகுப்பறைக்குள் மத்தளத்தோடு உட்கார்ந்து, தாளக்கட்டை வாயால் சொல்லி, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வட்டக்களரிபோல நிற்கவைத்து ஒரேயொரு ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடவிட்டபோது, வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளுக்கும் உள்ள வேறுபாடு காலுக்கே தெரிந்தது. நாடகமும் அரங்கியலும் பாடத்தில் கூத்து வருகிறது. அதைப் படிப்பிக்கிற ஆசிரியர் ஒரு தடவையாவது ஆடியிருந்தால் அந்தப் பாடம் குறிப்பு எழுதுவதோடு நிற்காது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மண்டபம், சவுண்ட் செட், கதிரை, நினைவுச் சின்னம் ஒன்றும் வேண்டியதில்லை. பிரிஸ்டல் போட், டிமை தாள், பசை, கத்தரிக்கோல் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும். பெட்டி பாடசாலையில்தான் இருக்கும். ஒவ்வொரு கூடல் முடிந்ததும் என்ன செய்தோம், எங்கே சிக்கியது, எந்தப் பாடத்துக்கு உதவும் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர் இடமாற்றம் வழமை. முன்னின்று நடத்துபவர் மாற்றலாகிப் போனால் அதோடு எல்லாம் நின்றுவிடும். அந்தத் தாள்கள் இருந்தால் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம். விழாவை அப்படித் தாளில் எழுதிக் கையளிப்பது கஷ்டம், ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரு அதிபரின் தொடர்புகளிலும் ஒரு நன்கொடையாளரின் மனதிலும் தங்கியிருக்கிறது.

எங்கள் அனுபவம் போதாத இடங்களும் உண்டு. தரம் 10க்கு மேல் பிள்ளைகள் வருவது குறைவு. சாதாரண தரப் பரீட்சை கிட்டும்போது வியாழன் பின்னேரமும் ரியூசனுக்குப் போய்விடுகிறது. அவர்களை எப்படி இழுப்பது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. சிங்கள மொழிமூலப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து செய்ததில், கை வேலை இருக்கும்போது மொழி பெரிய தடையாகவில்லை என்று தோன்றியது. ஆனால் அதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நாங்கள் சேர்ந்து செய்யவில்லை. விசேட தேவையுள்ள பிள்ளைகள் பற்றியும் அப்படித்தான். சிறிய இடம், குறைந்த சத்தம் அவர்களுக்கு நல்லது என்று ஒரு தாய் சொன்னார். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

நகரத்துக்குள் இருக்கும் பெரிய பாடசாலைக்கு, மண்டபம் நடை தூரத்தில் இருக்கிறதென்றால், பெருவிழா இன்னும் நல்ல தெரிவாகவே இருக்கலாம். அப்படிச் செய்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பேன். விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் கலைஞர்களை இரண்டு மணித்தியாலம் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் ஒரு வகுப்பறையில் இருத்துங்கள்; மேடை இல்லாமல், ஒலிவாங்கி இல்லாமல். வருகிற அண்ணாவியாரும் பனையோலை பின்னும் அம்மாவும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். கிராமத்துப் பாடசாலைகள் இரண்டு மூன்று அருகருகே இருந்தால் மாதக் கூடலைச் சுற்றுமுறையில் வைத்துப் பாருங்கள், ஒரே பஸ் பாதையில் இருக்கும் பாடசாலைகளாகத் தெரிவுசெய்து. களப் பயணத்தை அதற்கு நடுவே வைகாசியிலோ ஆனியிலோ ஒருநாள் வைத்தால் போதும். கச்சான் காற்று வெயிலோடு சேர்ந்து அடிக்கும் காலம் அது. கன்னியாவுக்குப் போவதென்றால் காலை ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.