கடல் கொந்தளித்த கதை: வெளியே நடந்ததா, உள்ளே நடப்பதா?

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வேதாகமம் வாசிக்கிற பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மாற்கு 4-ஆம் அதிகாரத்தை வைத்தே பார்க்கலாம். இயேசுவும் சீடர்களும் படகில் கலிலேயா ஏரியை (வேதாகமம் ‘கடல்’ என்கிறது) கடக்கிறார்கள். புயல் வருகிறது, இயேசு தூங்குகிறார். சீடர்கள் எழுப்ப, அவர் “இரையாதே, அமைதலாயிரு” என்று கடலை அடக்குகிறார். இதை நிஜமாக நடந்ததாக வாசிப்பதா, நம் மனசுக்குள் நடப்பதாக வாசிப்பதா?

உழைப்பு
நடந்ததாக வாசித்தால்: பின்னணி தெரியணும். கலிலேயா ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. மலைக்காற்று திடீரென இறங்கும். 1986-இல் அங்கே கிடைத்த பழைய படகு 8 மீட்டர் சொச்சம்தான். அதில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று பாம்பன்காரருக்கு விளக்க வேண்டாம்.
உள்ளே நடப்பதாக: அமைதியாக உட்கார்ந்தால் போதும். படகு மனசு, அலை பயம், பின்னணியத்தில் (படகின் பின்பகுதியில்) தூங்குபவர் நமக்குள் இருக்கும் விழிப்பு. புது வழக்கமல்ல, பழங்கால ஆயர் புனித அகுஸ்தீனும் இப்படகை இதயமாகவே பிரசங்கித்தார்.

ஆசீர்வாதம்
நடந்ததாக: அமைதி வெளியிலிருந்து, இயேசுவிடமிருந்து வருகிறது.
உள்ளே: “இரையாதே, அமைதலாயிரு” என்று தன் மனசுக்கே சொல்லலாம். 103-ஆம் சங்கீதமும் தன் ஆத்துமாவோடு பேசுவதுதானே.

சறுக்கும் இடம்
உள்வாசிப்பில் எல்லாமே ‘நான்’ ஆகிவிடும். அன்று கூடவே வேறு படகுகளும் இருந்தன என்கிறார் மாற்கு, அவை மறந்துபோகும்.

சரி, யாருக்கு எது? கடன் கவலையில் தூக்கம் வராதவருக்கு உள்வாசிப்பு. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் முதல் வாசிப்பு மட்டுமே. அங்கே போய் ‘புயல் உன் மனசில்தான்’ என்று சொல்லவே கூடாது.