சாப்பிட்டபின் நடையா, பாரம் தூக்குவதா?

அம்மாவுக்குப் பிரஷர், சீனியும் எல்லையில் நிற்கிறது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நடந்தால், அசையும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும், பிரஷரும் சில மணி நேரம் தணியும்; கிளிநொச்சி வெயிலில் குளக்கட்டு வரை போகத் தேவையில்லை, வளவுக்குள் மாமர நிழலில் ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். பாரம் தூக்குவது மெதுவாகத்தான் பலன் தரும், ஆனால் தசை கூடக்கூட சீனியைச் சேமிக்கும் இடமும் கூடும். ஒரு பயம். கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது அம்மா மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பார், அந்த நொடியே பிரஷர் எகிறும். மூச்சை வெளியே விட்டபடிதான் தூக்க வேண்டும்.

என் தெரிவு முதலில் நடை, கிழமைக்கு 150 நிமிடம். அப்புறம் கிழமைக்கு 2 நாள் அரைவாளித் தண்ணீர் தூக்குவது. பிரஷரின் மேல் எண் 180ஐத் தாண்டி நின்றால் இரண்டும் வேண்டாம், நேரே கிளினிக்.